கொல்லைப்புறக் கொட்டகையில் ஓடிய ஆலை

கேள்வி இதுதான்: "1969ஆம் வருடத்தில் மட்டும் மூன்று ஆல்பம் போட்ட அமெரிக்க ராக் குழு க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் 1972இல் காணாமலே போய்விட்டது. அவ்வளவு வேகமாக எப்படிப் பாட்டுப் போட்டார்கள்? அவ்வளவு வேகமாக ஏன் உடைந்தார்கள்?"

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. தனித்தனியாகக் கேட்டிருந்தால் முதல் கேள்விக்கு 'குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி ஒரு மேதை' என்றும், அடுத்ததற்கு 'ஜான் ஃபோகர்ட்டி ஒரு சர்வாதிகாரி' என்றும் யாராவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டும் அரை உண்மை. இருபது வருடமாக இந்தக் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டை மட்டுமல்ல, ஒருவரை ஒருவர் குறை சொல்லி அவர்கள் கொடுத்த பேட்டிகளையும்தான். எனக்குப் படுவது என்னவென்றால், அந்தக் குழுவை அந்த ஓட்டம் ஓட வைத்தது பயம். நாலு பேரில் ஒருவருக்குத்தான் அந்தப் பயம் இருந்தது. மற்ற மூவரும் 'அதான் ஜெயித்துவிட்டோமே, இனி கொஞ்சம் மூச்சு விடலாமே' என்று நினைத்தார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1969 ஜனவரியில் 'பையூ கன்ட்ரி'. ஆகஸ்டில் 'க்ரீன் ரிவர்'. வருடம் முடிவதற்குள் 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்'. 1970 ஜூலையில் 'காஸ்மோஸ் ஃபேக்டரி', அதே டிசம்பரில் 'பெண்டுலம்'. ஆக 24 மாதத்தில் 5 ஆல்பம். அதே காலத்தில் பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிங்கிள் இசைத்தட்டு 7. நடுவில் உட்ஸ்டாக் இசைவிழா, ஐரோப்பியப் பயணம், ஊர் ஊராகக் கச்சேரி. அந்தக் கால ஆல்பம் சின்னது என்பது உண்மைதான். 'க்ரீன் ரிவர்' முழுதாகக் கேட்டாலும் அரை மணி நேரம் ஆகாது. 'பேட் மூன் ரைசிங்' இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒப்புக்குச் சேர்த்த பாட்டு என்று ஒன்றிரண்டைத்தான் காட்ட முடியும்.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இவர்கள் 1968இல் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வளைகுடா தாண்டி எல் செரிட்டோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே போர்ட்டோலா ஜூனியர் ஹைஸ்கூலில் படித்த மூன்று பையன்கள் 1959இல் 'ப்ளூ வெல்வெட்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஜான் கிடார், டக் க்ளிஃபர்ட் டிரம்ஸ், ஸ்டூ குக் பியானோ. பாஸ் கிடாருக்கு ஸ்டூ பிற்பாடுதான் மாறினார். மூவரும் 1945இல் பிறந்தவர்கள். ஜானின் அண்ணன் டாம் நாலு வயது மூத்தவர், ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவர். பின்னால் வாசிக்க ஆள் தேவைப்பட்டபோது தம்பியின் குழுவைக் கூப்பிட்டுக்கொண்டார். கதையின் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முன்னால் நின்று பாடியவர் அண்ணன். தம்பி பின்னால் நின்று வாசித்தார்.

1964இல் சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸுக்குப் போனார்கள். அது ஜாஸ் கம்பெனி. அவர்கள் வெளியிட்ட ஜாஸ் பியானோக் கலைஞர் வின்ஸ் குவரால்டியைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, 'நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு ரெக்கார்டிங் கம்பெனி இருக்கிறதே' என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். கம்பெனியும் சேர்த்துக்கொண்டது. ஆனால் முதல் இசைத்தட்டு வெளியானபோதுதான் தங்கள் பெயர் 'கோலிவாக்ஸ்' என்று மாறியிருப்பது பையன்களுக்குத் தெரிந்தது. பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்காவையே கலக்கிக்கொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் வாடை வரட்டும் என்று கம்பெனி முதலாளிகளில் ஒருவர் வைத்த பெயர் அது. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் ஒரு பழைய பொம்மையின் பெயர். மேடையில் வெள்ளை நிறத்தில் புசுபுசுவென்று ஒரு தொப்பி வேறு போடச் சொன்னார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் நாலு பேர் முகத்திலும் ஈ ஆடாது.

அந்தப் பெயரில் மூன்று வருடம் ஓட்டினார்கள். போட்ட சிங்கிள்களில் ஒன்றுகூட நாடறிய ஓடவில்லை. ஆனால் இந்தத் தோல்விக் காலத்தில்தான் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, டாம் தானே முன்வந்து பாடும் இடத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பாட்டுக்கு அடியில் தாளம்போல ஓடும் ரிதம் கிடாரோடு நின்றுகொண்டார். தன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பியின் குரலில் வேறு ஏதோ இருக்கிறது என்று அவருக்கே புரிந்திருக்கிறது. அண்ணன்மார் இப்படி விட்டுக்கொடுப்பது லேசில் நடக்கும் காரியமில்லை. இன்னொன்று, ஜான் பாட்டுப்பதிவு வேலையைக் கற்றுக்கொண்டார். மைக் எங்கே வைப்பது, கிடார் சத்தத்தை எப்படிப் பிடிப்பது, ஒரே ஆள் மூன்று குரலில் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எப்படி என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். 1968இல் உலகம் கேட்ட 'புதுக்குழு'வுக்கு அப்போது வயது ஒன்பது.

1966இல் வியட்நாம் போருக்கான ஆள்சேர்ப்பு வந்தது. ஜான் ராணுவ ரிசர்வ் படையிலும் டக் கடலோரக் காவல் ரிசர்விலும் சேர்ந்தார்கள். போர்முனைக்குப் போகவில்லை, ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி. சுட்டெரிக்கும் வெயிலில் அணிவகுத்து நடக்கும்போது மனதுக்குள்ளேயே பாட்டுக் கட்டுவேன் என்று ஜான் சொல்லியிருக்கிறார். பேப்பர் பேனா இல்லாமல் முழுப்பாட்டையும் தலைக்குள் முடிக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். கோலிவாக்ஸ் பெயரில் கடைசியாக வந்த 'போர்ட்டர்வில்' அப்படி உருவானது.

1967இல் ஃபேன்டஸி கம்பெனி கைமாறியது. அங்கேயே விற்பனைப் பிரிவில் இருந்த சால் ஜேன்ட்ஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து அதை வாங்கினார். பின்னாளில் ஆஸ்கர் விருதுகளை அள்ளிய சினிமாத் தயாரிப்பாளர் அவரேதான். 'பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு ஆல்பம் போடலாம்' என்றார். கூடவே புது ஒப்பந்தம் ஒன்றும் வந்தது. பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டு ஓடினால் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தை தரப்பட்டதாகக் குழுவினர் சொல்வார்கள். அந்தத் திருத்தம் அவர்கள் எதிர்பார்த்தபடி நடக்கவே இல்லை. பாட்டுகளின் பதிப்புரிமை கம்பெனியிடமே இருந்தது.

'க்ரீடன்ஸ்' என்பது டாமுக்குத் தெரிந்த ஒருவருடைய பெயர். 'க்ளியர்வாட்டர்' ஒரு பீர் விளம்பரத்திலிருந்து வந்தது. 'ரிவைவல்', அதாவது மறுவாழ்வு, அவர்களுக்கே அவர்கள் சொல்லிக்கொண்டது. 1967 முடியும் நேரத்தில் இந்தப் பெயர் வந்தது. 1968இல் முதல் ஆல்பம். அதில் டேல் ஹாக்கின்ஸின் பழைய பாட்டான 'சூசி க்யூ'வை எட்டு நிமிடத்துக்கும் மேலாக நீட்டி வாசித்திருந்தார்கள். சான் ஃப்ரான்சிஸ்கோவில் கே.எம்.பி.எக்ஸ். என்ற எஃப்.எம். நிலையம் நீளமான பாட்டுகளைத்தான் விரும்பிப் போடும், அவர்களுக்காகவே செய்தது. ஆல்பம் வருமுன்பே நாடாவை வாங்கி ஒலிபரப்பினார்கள். பாட்டு நாட்டின் வெற்றிப்பாட்டு வரிசையில் 11ஆம் இடம்வரை போனது.

பயம் தொடங்கியது இங்கேதான்.

நம் மனதுக்கு இது விநோதமாகப் படும். ஒன்பது வருடம் கழித்து ஒரு பாட்டு ஓடியிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டாமா? ஜான் வேறு கணக்குப் போட்டார். ஓடியது அடுத்தவர் எழுதிய பாட்டு. ஒரே பாட்டோடு மறந்துபோன குழுக்கள் எத்தனையோ. தங்களுக்கு மேனேஜர் இல்லை, விளம்பரத்துக்கு ஆள் இல்லை, பின்னால் நிற்கும் கம்பெனியும் சின்னது. அதனால் எல்லாவற்றையும் இசையை வைத்தே சாதிக்க வேண்டும், ஒரு மாதம் வானொலியில் சத்தம் கேட்காவிட்டாலும் கதை முடிந்தது என்று முடிவுகட்டினார். இதைப் பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ராத்திரி எல்லாரும் தூங்கியபின் உட்கார்ந்து எழுதுவார். ராணுவத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த அன்று கிடாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தவர், எழுதி முடித்தபோது 'ப்ரௌட் மேரி' தயாராக இருந்தது. அதன் ஆரம்பத்தில் படியிறங்குவது போல வரும் அந்த ஸ்வரக்கட்டுக்குப் பேத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனிதான் மூலம் என்பார். கேட்டுப் பாருங்கள், அந்த 'டடடடாம்' உள்ளே ஒளிந்திருக்கும்.

மிசிசிப்பி ஆறு, படகு, லூசியானாவின் சதுப்பு நிலம் எல்லாம் பாட்டில் வருகிறதே, அந்தப் பக்கத்து ஆட்களா என்றால் இல்லை. கலிஃபோர்னியாவின் புறநகர்ப் பையன். ரேடியோவிலும் சினிமாவிலும் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட அமெரிக்கத் தெற்கு அது. 'க்ரீன் ரிவர்' என்பதுகூட ஒரு சர்பத்தின் பெயர். பாட்டில் வரும் ஆறு, சிறுவயதில் விடுமுறைக்குப் போன வட கலிஃபோர்னியாவின் பியூட்டா ஓடை. 'லோடை' ஊரின் பெயரில் ஒரு பாட்டு எழுதினார்; எழுதும்வரை அந்த ஊருக்குப் போனதே இல்லை, பெயரின் ஓசை பிடித்திருந்ததாம்.

சரி, உடைசலுக்கு வருவோம். முதல் விரிசல் எல்லாரும் நினைப்பது போல 1971இல் வரவில்லை. 1968இன் பிற்பகுதியில், ஹாலிவுட்டின் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில், 'ப்ரௌட் மேரி' பதிவின்போதே வந்துவிட்டது. வாத்தியங்களை நாலு பேரும் ஒன்றாக வாசித்து முடித்தார்கள். பின்குரல் பாடவேண்டிய நேரம் வந்தது. மற்ற மூவரும் பாடிப் பார்த்தார்கள். ஜானுக்குத் திருப்தியில்லை. 'எல்லாக் குரலையும் நானே பாடி அடுக்கிவிடுகிறேன்' என்றார். பெரிய சண்டை. இத்தாலியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தும் சண்டை தொடர்ந்தது. திரும்பவும் கார் கழுவும் வேலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, இதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே வாய்ப்பு என்ற பொருளில் அன்று பேசியதாக ஜான் சொல்கிறார். கடைசியில் அவர் சொன்னபடிதான் நடந்தது.

அந்தப் பாட்டைக் கேட்கும் யாருக்கும் ஜான் செய்தது தப்பு என்று தோன்றாது. 'ரோலிங், ரோலிங்' என்று வரும் இடத்தில் அந்தக் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்குக் காரணம் அத்தனையும் ஒரே தொண்டையிலிருந்து வந்ததுதான். ஆனால் டாமின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். பாடும் இடத்தைத் தானாக விட்டுக்கொடுத்த அண்ணனுக்குப் பின்குரல் பாடவும் இடமில்லை. பாட்டு 2ஆம் இடத்துக்குப் போனது. ஜான் செய்தது சரி என்று நிரூபணமானது, அதுதான் பிரச்சினை. அதற்கப்புறம் ஒவ்வொரு வாக்குவாதத்திலும் அவர் கையில் அந்த வெற்றி இருந்தது.

அப்புறம் தொடங்கியதுதான் ஆலை. டக் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை இருந்தது. தினமும் அங்கே ஒத்திகை. வேலைக்குப் போவது போல வர வேண்டும், வேலை முடிந்துதான் போகலாம். கிண்டலாக 'ஃபேக்டரி' என்று பெயர் வந்தது. டக்கின் செல்லப்பெயர் காஸ்மோ, அதனால் 'காஸ்மோவின் ஆலை'. பிற்பாடு பெர்க்லியில் ஒரு கிடங்கைப் பிடித்தார்கள்; பெயர் அங்கேயும் தொடர்ந்தது. 'காஸ்மோஸ் ஃபேக்டரி' ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் பாருங்கள். பட்டு ஜிப்பா, புகைமண்டலம், மாயக் கோலம் ஒன்றும் கிடையாது. டக் ஒரு சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஒரு பலகையில் 'லீன், க்ளீன் அண்ட் ப்ளூஸி' என்று எழுதியிருக்கிறது. படம் எடுத்தது ஃபோகர்ட்டி சகோதரர்களில் இன்னொருவரான பாப். சான் ஃப்ரான்சிஸ்கோவின் மற்ற குழுக்கள் போதையில் இருபது நிமிடம் கிடாரை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் தெளிந்த தலையோடு இரண்டரை நிமிடப் பாட்டை நூறு தடவை ஒத்திகை பார்த்தார்கள். ஊரில் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள்.

வேகத்துக்கு நேரடிக் காரணம் இந்த ஒத்திகைதான். ஸ்டுடியோவுக்குப் போகும்போது எந்தப் பாட்டிலும் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்காது. சான் ஃப்ரான்சிஸ்கோவில் வாலி ஹைடர் ஸ்டுடியோ, ஒலிப்பதிவுக்கு ரஸ் கேரி. நாலு பேரும் சேர்ந்து வாசித்து அடிப்படை ட்ராக்கைச் சில டேக்குகளில் முடித்துவிடுவார்கள். அப்புறம் மற்றவர்கள் கிளம்பிவிட, ஜான் தனியாக உட்கார்ந்து குரல், லீட் கிடார், மற்ற சில்லறை வாத்தியங்கள் எல்லாவற்றையும் சேர்ப்பார். ஆட்களைச் சேர்த்து வாசிக்கும் குழுவின் சூடும் கிடைத்தது, தனி ஆளின் கட்டுப்பாடும் கிடைத்தது. இந்தக் கலவை வேறு குழுக்களில் அபூர்வம்.

ஜானின் பயம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு சிங்கிள் இசைத்தட்டுகளே சாட்சி. வழக்கமாக ஒரு பக்கம் ஓடும் பாட்டு, மறுபக்கம் ஒப்புக்கு ஒரு பாட்டு இருக்கும். இவர்கள் இரண்டு பக்கமும் ஓடக்கூடியதையே வைத்தார்கள். 'பேட் மூன் ரைசிங்' தட்டைத் திருப்பினால் 'லோடை'. 'டவுன் ஆன் தி கார்னர்' தட்டைத் திருப்பினால் 'ஃபார்ச்சுனேட் சன்'. 'ட்ராவலின் பேண்ட்' மறுபக்கம் 'ஹூல் ஸ்டாப் த ரெய்ன்'. வேறு எந்தக் குழுவும் இவற்றைத் தனித்தனியாக வெளியிட்டு இரண்டு மடங்கு காலம் சாப்பிட்டிருக்கும். விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கிவிட்ட மாதிரி. ஓடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டார், அடுத்த தட்டுக்கு மறுபடியும் வெறுங்கையோடு எழுத உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் பில்போர்டு பத்திரிகையின் அமெரிக்க வரிசையில் ஒரு தடவைகூட முதலிடம் கிடைக்கவில்லை. ஐந்து தடவை 2ஆம் இடம். 'பேட் மூன் ரைசிங்' பாட்டுக்கு மேலே ஹென்றி மான்சினியின் சினிமா மெட்டு உட்கார்ந்திருந்தது. 'க்ரீன் ரிவர்' வந்தபோது 'சுகர் சுகர்'. அதைப் பாடியது ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழு. நிஜத்தில் இல்லாத குழுவிடம் தோற்றது இவர்களுக்கே சிரிப்பாக இருந்திருக்குமா, எரிச்சலாக இருந்திருக்குமா? பிரிட்டனில் 'பேட் மூன் ரைசிங்' முதலிடம் பிடித்தது என்பது ஒரு ஆறுதல்.

உட்ஸ்டாக் பற்றி ஒரு வார்த்தை. 1969 ஆகஸ்ட் விழாவுக்கு முதலில் ஒப்புக்கொண்ட பெரிய குழு இவர்கள்தான். இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தபின்தான் மற்றவர்கள் சேர்ந்தார்கள். ஆனால் இவர்களுக்கு முன்னால் மேடையேறிய க்ரேட்ஃபுல் டெட் நேரத்தை இழுத்துக்கொண்டே போக, இவர்கள் மேடைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எதிரே கூட்டம் சேற்றில் தூங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் எங்கோ தூரத்தில் ஒரு ஆள் மட்டும் லைட்டரைக் கொளுத்திக் காட்டி 'நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று கத்தினான், அந்த ஒருவனுக்காக வாசித்தேன் என்று ஜான் சொல்வார். விழாவைப் பற்றிய படத்தில் தங்கள் காட்சி வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். ஸ்டூவுக்கு அது பெரிய வருத்தம்; நாம் நன்றாகத்தான் வாசித்தோம் என்பது அவர் கட்சி. 2019இல் அந்த ஒலிப்பதிவு முழுசாக வெளிவந்தது. நான் ஸ்டூ பக்கம். அருமையாக வாசித்திருக்கிறார்கள்.

இப்படி ஒவ்வொரு முடிவும் ஒருவருடையதாகவே இருந்தது. பாட்டு எழுதுவது ஜான், பாடுவது ஜான், தயாரிப்பு ஜான், மேனேஜர் வேலையும் ஜான். 1970இல் 'இனி மேடையில் என்கோர் (கச்சேரி முடிந்தபின் திரும்பி வந்து வாசிப்பது) கிடையாது' என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், மற்ற மூவரும் திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பேட்டிகளில் டக்கும் ஸ்டூவும் கோபத்தோடு நினைவுகூரும் விஷயங்களில் இது ஒன்று. பணம், புகழைவிட இந்த மாதிரிச் சின்ன அவமானங்கள்தான் ஆறாமல் நின்றிருக்கின்றன. வியாபாரத்திலும் ஜானுக்கு அனுபவம் போதவில்லை என்பது மற்றவர்களின் நியாயமான குற்றச்சாட்டு. வரி மிச்சம் என்று சொல்லி பஹாமாஸில் காசில் பேங்க் என்ற வங்கியில் குழுவின் பணத்தைப் போட்டார்கள். 1977இல் வங்கியே மூடப்பட்டது.

'காஸ்மோஸ் ஃபேக்டரி' ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒரு குழுவுக்கு என்ன வேண்டும்? இருந்தும் 'பெண்டுலம்' பதிவுக்குள் நுழையும்போதே யாரும் யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆல்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் கணக்கில் அது ஆடம்பரம். ஆர்கன், சாக்ஸஃபோன் எல்லாம் சேர்ந்தன, வாசித்தவர் ஜானே. மூவரும் இனி எல்லாவற்றிலும் எங்களுக்கும் பேச்சு வேண்டும் என்றார்கள். ஜான் சரி என்றார். 1970 டிசம்பரில் பத்திரிகைக்காரர்களைப் பெர்க்லிக் கிடங்குக்கு வரவழைத்துப் பெரிய விருந்து வைத்து, இது ஒரு ஆளின் குழு இல்லை, நாலு பேரின் குழு என்று காட்டிக்கொண்டார்கள். சில வாரங்களில் டாம் விலகிவிட்டார். பேச்சுரிமை கிடைத்த பிறகும் ஏன் போனார் என்று கேட்பார்கள். எனக்கென்னவோ, அது ரொம்பத் தாமதமாகக் கிடைத்தது என்றுதான் படுகிறது.

'ஹேவ் யூ எவர் சீன் த ரெய்ன்' இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் கிடார் கற்றுக்கொள்பவன் முதலில் வாசிக்கும் நாலைந்து பாட்டுகளில் இதுவும் ஒன்று. போரைப் பற்றிய பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சமான பகலில் கொட்டும் மழையைப் பற்றிய பாட்டு. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நாம் சிரித்துவிட்டுப் போவோம். ஜானுக்கு அது வேறு. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வெற்றி வரப்போவதில்லை, ஆனால் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. தலைக்குமேல் சூரியன், மேலே விழுவது மழை. குழு உடைவதைப் பற்றித்தான் எழுதினேன் என்று அவரே சொல்லிவிட்டார். இது தெரிந்தபின் அந்தப் பாட்டைக் கேட்டால், பின்னால் அமைதியாக வாசித்துக்கொண்டிருக்கும் அந்த ரிதம் கிடார்தான் காதில் விழும். கிளம்பப்போகிற அண்ணனின் கை அது.

மிச்சம் மூன்று பேர். 1972 ஏப்ரலில் 'மார்டி க்ரா'. டக்கும் ஸ்டூவும் ஆளுக்குச் சில பாட்டு எழுதித் தாங்களே பாடினார்கள். பத்துப் பாட்டில் ஜான் எழுதியது மூன்றுதான். இது யார் யோசனை என்பதில் இன்றுவரை இரண்டு கதை. 'ஜனநாயகம் கேட்டார்கள், கொடுத்தேன்' என்கிறார் ஜான். 'ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்று அவர்தான் மிரட்டினார். எங்கள் பாட்டுக்குக் கிடார் வாசிப்பதோடு சரி, வேறு உதவி செய்யவில்லை' என்கிறார்கள் மற்ற இருவரும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது என் எண்ணம். கேட்டதைக் கொடுக்கிற விதத்திலேயே பழிவாங்கவும் முடியும் என்பது கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சகர் ஜான் லாண்டாவ் ஆல்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அக்டோபரில் குழு கலைந்தது.

அதன்பின் நடந்தது தனிப் புராணம், சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்கள், ஜான் மாட்டிக்கொண்டார். வெளியே வர, தன் பாட்டுகளுக்கான வருமானத்தையே விட்டுக்கொடுத்தார். இதற்கிடையில் குழு சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் ஃபேன்டஸி பெர்க்லியில் பெரிய கட்டிடம் எழுப்பியது. 'க்ரீடன்ஸ் கட்டிய வீடு' என்றே ஊரில் சொல்வார்கள். 1985இல் ஜான் தனியாக ஒரு ஆல்பம் போட்டபோது, அதிலிருந்த ஒரு பாட்டு எங்களிடம் இருக்கும் பழைய பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. பழைய பாட்டை எழுதியவரும் ஜானேதான். 1988இல் கிடாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி இரண்டையும் வாசித்துக் காட்டி ஜெயித்தார். வழக்குச் செலவு யார் கொடுப்பது என்ற கேள்வி 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பதிப்புரிமை படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். டாம் 1990இல் இறந்தார். அண்ணன் தம்பி மனஸ்தாபம் முழுதாகத் தீரவே இல்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் குழுவைக் கௌரவித்த மேடையில், டக்கோடும் ஸ்டூவோடும் சேர்ந்து வாசிக்க ஜான் மறுத்துவிட்டார். பாட்டுகளின் பெரும்பான்மைப் பதிப்புரிமை அவர் கைக்கு வந்தது 2023இல், 77 வயதில்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், வெற்றிப்பாட்டுத் தொகுப்புகள் வேண்டாம் என்பேன். அவற்றில் ஜான் மட்டும்தான் காதில் விழுவார். 'காஸ்மோஸ் ஃபேக்டரி'யின் முதல் பாட்டு 'ராம்பிள் டாம்பிள்', ஏழு நிமிடம். வேகமாக ஆரம்பிக்கும், நடுவில் சட்டென்று நிதானமாகி, ஒரே கோர்வை திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். அந்த இடத்தில் லீட் கிடாரை விட்டுவிடுங்கள். டக்கின் டிரம்ஸையும், ஸ்டூவின் பாஸையும், அவற்றுக்கு நடுவில் ஒரு இம்மிகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டிருக்கும் டாமின் ரிதம் கிடாரையும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.